விரலை எடுக்காத தாமரைச்செல்வி

வேலை செய்யாத காலிங் பெல்லைத் தெருவில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். வேலை செய்கிற பெல்லின் பொத்தானில், நடுவில் மட்டும் விரல் அழுக்கு வட்டமாகப் படிந்திருக்கும். செத்துப்போன பெல்லின் பொத்தான் பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். அந்த வீட்டு கேட்டின் கொண்டியில் பெயிண்ட் போயிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தானே பிடித்து ஆட்ட வேண்டியிருக்கிறது.

தாமரைச்செல்விக்கு இதெல்லாம் அத்துப்படி. அவளுடைய அப்பா பக்கிரி, ஒரு மில்லில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர். மில் மூடியபின் வீடு வீடாக வயரிங் வேலைக்குப் போனார். கழற்றிப் போட்ட பெல்களுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்த பெண் அவள்.

அந்த அறிவை அவள் பயன்படுத்திய விதம்தான் கொஞ்சம் விசேஷம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்பது அவள் வேலை. பெல் வேலை செய்யாத வீடாகத் தேடித் தேடிப் போய் அழுத்தினாள்.

காரணம் எளிது. பெல் அடிக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராவிட்டால் "வேணாம்" என்று சொல்ல ஆளில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் வீட்டில், ஓர் அம்மா கதவைப் பாதி திறந்து அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு "வேணாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்றது ஃபில்டரையா, தன்னையா என்று தாமரைச்செல்வி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து செத்த பெல்களின் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

சாயந்திரம் ஆபீசில் சூப்பர்வைசர் இராமதாஸ் கேட்டால், "பெல் அடிச்சேன் சார், யாரும் வரல" என்பாள். பொய் என்று சொல்லிவிட முடியாது.

இராமதாஸ் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, லாஸ்பேட்டையில ஆளுங்களே குடியில்லையா? எலெக்‌ஷனுக்கு மட்டும் எங்கேருந்து வந்து வரிசையில நிக்கிறாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஒண்ணே ஒண்ணு வித்துட்டு வா. இல்லன்னா மறுநாள் நீ வரவேணாம்."

வேலை போனால் அவள் என்ன ஆவாள் என்பதும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அத்தையின் பிளாஸ்டிக் குடக் கடையில் போய் உட்கார வேண்டும். அங்கே கல்லாவில் அத்தை மகன் கமலக்கண்ணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே கடையில் உட்கார்ந்தால் மூன்றாவது மாதம் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவார்கள். கமலக்கண்ணன் கெட்டவன் அல்ல. ஆனால் நாள் முழுக்கக் குடத்தைத் தட்டிப் பார்த்து "நல்ல சத்தம்" என்று சொல்கிறவன்.

மறுநாள் அவள் லாஸ்பேட்டை அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்த நேரம் மின்சாரம் போயிருந்தது. மின்வெட்டு நேரம் அவளுக்குப் பண்டிகை மாதிரி. ஊரில் உள்ள எல்லா பெல்லும் ஒரே சமயத்தில் செத்துப் போகும்; தேடி அலைய வேண்டியதில்லை. கரண்ட் வரும் வரைக்கும் ஒத்திகை பார்ப்போம், வந்ததும் நிஜமாகவே ஆரம்பித்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கீழ்த்தள வீடு ஒன்றின் முன் நின்றாள். பொத்தானை அழுத்தினாள். அழுத்தியபடியே சிரித்தாள். மூடியிருந்த கதவைப் பார்த்து, "வணக்கம் சார், உங்க வீட்டுத் தண்ணி எவ்வளவு சுத்தம்னு எப்பவாவது..." என்று ஆரம்பித்தாள்.

கரண்ட் வந்துவிட்டது.

எங்கோ ஒரு மிக்ஸி உறுமியது. டிவி ஒன்று பாதிப் பேச்சில் விழித்துக்கொண்டது. அவள் விரலுக்கு அடியில், வீட்டுக்குள்ளே, "டிங்" என்று கேட்டது.

இந்த வகை பெல் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதற்குள் ஓர் இரும்புக் குச்சி. குச்சியின் இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து சுருள் காந்தமாகிவிடும், குச்சியை வெடுக்கென்று இழுக்கும், குச்சி போய் ஒரு தகட்டில் மோதும். அது டிங். விரலை எடுத்தால் காந்தம் போய்விடும், ஸ்பிரிங் குச்சியைத் திருப்பித் தள்ளும், அது மறு தகட்டில் மோதும். அது டாங். அதாவது, டிங் அழுத்துவதில் இருக்கிறது; டாங் விடுவதில் இருக்கிறது. விரலை எடுக்காத வரைக்கும் டாங் வராது.

தாமரைச்செல்வி விரலை எடுக்கவில்லை.

எடுத்தால் மணி முழுசாகிவிடும், ஆள் வந்துவிடுவார். எடுக்காமல் இருந்தால் இன்னும் எதுவும் நடந்துவிடவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் அவள் விரல் நினைத்தது. உள்ளே சுருள் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் இருந்தவர் கலியமூர்த்தி. அரசாங்க ஆபீசில் கிளார்க். அன்று ஜுரத்துக்கு லீவ். பெல் சத்தம் கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது அவர் வழக்கம். ஆனால் இது முழு சத்தம் இல்லை. தும்மல் பாதியில் நின்ற மாதிரி இருந்தது. டாங் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சரி, கரண்ட் வந்த வேகத்தில் பெல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் கதவைத் திறந்தார்.

எதிரே ஒரு பெண், தோளில் பெரிய பையோடு, பொத்தான்மேல் விரலோடு நின்றிருந்தாள்.

"பெல்லு கெட்டுப்போச்சாம்மா?"

"இல்ல சார். நான் இன்னும் விரல எடுக்கல."

"ஏன்?"

"எடுத்தா டாங்குன்னு அடிக்கும்."

"அடிச்சா?"

"நீங்க வந்துடுவீங்க."

கலியமூர்த்தி தன்னையே ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். "நான்தான் வந்துட்டேனே."

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் விரலை எடுத்தாள். டாங் என்றது. இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் பையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. போலீஸ்காரரிடம் இரண்டு கையையும் நீட்டுகிறவர் போல, "எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

ஃபில்டரைப் பற்றித் தாமரைச்செல்வி இன்னும் வாயையே திறக்கவில்லை. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் இரண்டு கம்பெனி ஃபில்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஹாலில், பிரிக்காத அட்டைப் பெட்டியில் ஒரு வாக்குவம் கிளீனர். அதன் மேல் இடுப்பைக் குறைக்கிற பெல்ட் ஒன்று. மூலையில் குடை மட்டும் ஒரு கட்டு.

"சார், உங்ககிட்ட ரெண்டு இருக்கே."

"ஆமா. மூணாவது வந்துச்சுன்னா எங்க வீட்டம்மா என்னையே அந்தச் சுவத்துல மாட்டிடுவா."

"அப்ப வேணாம்னு சொல்லுங்க சார்."

"அதாம்மா வரமாட்டேங்குது. சொன்னா எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி சுருங்கிப் போவுது. அத என்னால பாக்க முடியல. பெல்லு அடிச்சாலே ஒளிஞ்சுக்குவேன்."

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபில்டர் விற்றுவிடும். குடக் கடை இல்லை, கமலக்கண்ணன் இல்லை. ஆனால் இவரிடம் விற்பதும் செத்த பெல்லை அமுக்குவதும் ஒன்றுதான். எதிர்ப்பக்கமிருந்து பதிலே வராது. நாளைக்கு அடுத்த வீட்டு வாசலில் விரல் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். இதற்கிடையில் இந்த மனுஷர் சுவரில் தொங்க வேண்டியிருக்கும்.

பையைக் கீழே வைத்தாள்.

"சார், நான் கேக்கறேன். நீங்க வேணாம்னு சொல்லிப் பாருங்க. என் மூஞ்சி சுருங்காது, நான் பாத்துக்கறேன். ஃபில்டர் வேணுமா சார்?"

"இப்போதைக்கு என்னன்னா..."

"அது வேணாம் இல்ல சார், வாய்தா. ஃபில்டர் வேணுமா சார்?"

"வீட்டுல கேட்டுட்டு..."

"அது மேல்முறையீடு."

கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். "வேணாம்."

தானே கேட்டு வாங்கிய வேணாம்தான். ஆனாலும் அது வந்து விழுந்தபோது தாமரைச்செல்விக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூஞ்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க சார், சுருங்குச்சா?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இல்ல. லேசா மூக்குகிட்ட."

"அது ஒண்ணும் இல்ல. இன்னொரு தரம்."

இந்தத் தடவை என்ன நடக்கிறது என்று அவள் உள்ளே கவனித்தாள். பெல்லைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி. சொல் காதில் விழுந்ததும் தொண்டையில் ஓர் இறுக்கம். அது மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது. பிறகு வயிறு. பிறகு எங்கே போனது? தேடிப் பார்த்தாள், காணோம். ஒரு மடக்குத் தண்ணீர் இறங்குகிற நேரம், அவ்வளவுதான் அதன் ஆயுசு. அதற்குப் பயந்துதான் ஒரு மாதமாகச் சிலந்திகளோடு பழகிக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்திக்கோ ருசி தட்டிவிட்டது. கையை ஆட்டிச் சொன்னார். இடுப்பில் கை வைத்துச் சொன்னார். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, பேப்பர் படிக்கிறவர் போல நிமிராமல் சொன்னார். கடைசியில், "வேணாம். சொன்னா புரியாதா? போம்மா அந்தாண்ட" என்றார்.

"சார், இது கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்படியா? மன்னிச்சுக்கம்மா." அவருக்கு வேர்த்திருந்தது, ஜுரம் விட்டிருந்தது. "உனக்கு ஒண்ணு சொல்றேன். மாடியில ராஜாம்பாள் டீச்சர் இருக்காங்க. குழாயில செம்மண்ணாட்டம் தண்ணி வருதுன்னு தெனம் புலம்பறாங்க. போய்க் கேளு."

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"என்னை விடவா நல்லா சொல்லிடப் போறாங்க?"

அதுவும் சரிதான் என்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். பின்னாலேயே கலியமூர்த்தியும் பாதிப் படி வரைக்கும் வந்து நின்றுகொண்டார். மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

ராஜாம்பாள் டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தார். தாமரைச்செல்விக்கு முதல் வரி மறந்துவிட்டது. அதனால் நேராகவே கேட்டாள்: "டீச்சர், ஒரு டம்ளர் குழாய்த் தண்ணி தரீங்களா?"

வந்த தண்ணீர் டீ போல இருந்தது. பையிலிருந்து ஃபில்டரை எடுத்து அதில் ஊற்றினாள். அது நிதானமாக இறங்கி, கீழே கண்ணாடி போல வந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும். நாளைக்கு வாயேன்."

விற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்: "நாளைக்கு வாயேன்" என்பது நல்ல புடவை கட்டிக்கொண்ட வேணாம். தொண்டை இறுகியது. நெஞ்சு, வயிறு. அது இறங்கி முடிகிற வரைக்கும் தாமரைச்செல்வி காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"எத்தனை மணிக்கு டீச்சர்?"

டீச்சர் நிமிர்ந்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. "என்ன கேட்ட?"

"எத்தனை மணிக்கு வரட்டும்? இல்ல, வேணாம்னா வேணாம்னே சொல்லிடுங்க டீச்சர். எனக்கு ஒண்ணும் ஆவாது. இப்பதான் கீழ நெறைய வாங்கிட்டு வரேன்."

"வேணாம்னு நான் எங்க சொன்னேன்? வெலையத்தான் யோசிக்கிறேன்."

தாமரைச்செல்விக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. வேண்டாம் என்கிறவர்கள் விலையைப் பற்றி யோசிப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், வேணாம் வந்தால் என்ன செய்வது என்று பழகியிருந்தாள். வேணும் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

நல்லவேளையாக டீச்சர் படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். "யாரு, கலியமூர்த்தி சாரா? உங்க வீட்டுல ரெண்டு வெச்சிருக்கீங்களே, இதெல்லாம் ஒழைக்குதா?"

கலியமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லா ஒழைக்குது டீச்சர். ஆனா ஒண்ணு போதும்."

தவணையாகத் தரலாமா என்று டீச்சர் கேட்டார். தரலாம் என்றாள் தாமரைச்செல்வி. ரசீது எழுதும்போது தன் பெயரையே இரண்டு தரம் அடித்து எழுதினாள். டீச்சர் பிழை திருத்துகிறவர் போலக் குனிந்து பார்த்துவிட்டு, முன்பணத்தை எண்ணி அவள் கையில் வைத்தார்.

"நாளைக்கு நீயேதானே வந்து மாட்டுவே?"

"நானேதான் டீச்சர்" என்றாள் தாமரைச்செல்வி. "பத்து மணிக்கு."