பழசு வேணாம்

காலையில் எழுந்ததும் மதிவதனி போனைப் பார்த்தாள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் பூப்படங்கள். எல்லாவற்றின் மேலும் காலை வணக்கம். ஒருவர் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லியிருந்தார். அதன் கீழே தெருவே கைகூப்பியிருந்தது.

சில மாதங்களாக இப்படித்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய தெரு அது. மதிவதனி ஊடகவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மனிதர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள், பிறகு எப்படிச் சேர்கிறார்கள் என்பதுதான் மூன்றாவது அத்தியாயம். அவள் குடிவந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் சண்டைக்குக் குறைவிருந்ததில்லை. குப்பை வண்டிக்குச் சண்டை, நாய்க்குச் சண்டை, பௌர்ணமி வந்தால் கிரிவலக்காரர்களின் கார்களுக்குச் சண்டை. ஆனால் சொல்லாமல் பார்த்த எதையும் எழுதக்கூடாது என்று நெறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டாள். யாரும் மறுக்கவில்லை. குழுவை நடத்தும் கோதண்டராமன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"இனிமே வர்றத எடுத்துக்கோம்மா. பழசு வேணாம்."

அவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். எந்தப் பழசு என்று மதிவதனிக்குத் தெரியும். போன கார்த்திகை தீபத்தன்று தன் காலி மனையில் வெளியூர்க் கார்களை நிறுத்த விட்டிருந்தார். இடம் நிரம்பி, ஒரு கார் எதிர்வீட்டுக் கஸ்தூரியின் கேட்டை அடைத்து நின்றுவிட்டது. அன்றைக்குப் பார்த்து கஸ்தூரியின் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். நாற்காலியில் உட்காரவைத்துத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா பிழைத்துக்கொண்டாள். அன்று மாலை கஸ்தூரி குழுவில் எழுதினாள்: 'வீட்ல ஆளு இருந்தாதான அருமை தெரியும்.' அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவள் வாசலில் நின்றால் அவர் கேட்டைத் திறப்பதில்லை.

சம்மதம் வாங்கிய மறுநாளே தெரு திருந்திவிட்டது. குப்பை வண்டி வராவிட்டாலும் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். போன பௌர்ணமிக்கு யாரோ ஒருவர் 'பக்தர்களை வரவேற்போம்' என்று போட்டார். மதிவதனிக்கு எழுத எதுவுமில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாயிற்று. அடுத்த வாரம் அத்தியாயத்தைக் கொடுக்காவிட்டால் ஆய்வுப் பதிவே ரத்தாகிவிடும்.

அன்றும் பௌர்ணமி. மத்தியானம் கஸ்தூரி முருங்கைக்கீரை அடை கொண்டுவந்தாள். எழுதியாயிற்றா என்று கேட்டாள்.

"பூப்படத்த வெச்சு என்னக்கா எழுதறது? யாருமே சண்டை போட மாட்டேங்கறீங்க."

எல்லோருக்கும் பயம் என்றாள் கஸ்தூரி. அவளே ஒரு வரி எழுதினாலும் மகளிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாளாம். புத்தகத்தில் வந்து நாத்தனார் படித்துவிட்டால் ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவாளாம்.

"சண்டை இல்லனா பட்டம் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். கஸ்தூரி காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். "யாரு கூட போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். மதிவதனி சிரித்துவிட்டாள்.

பொழுது சாயும்போது குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. கஸ்தூரி. எழுதிவைத்துப் படிப்பதுபோல் இருந்தது. "கோதண்டராமன் அவர்களே, உங்கள் மனையில் நிற்கும் வாகனங்களால் நாங்கள் மிகுந்த துன்பம் அடைகிறோம்." மதிவதனி எட்டிப் பார்த்தாள். மனையில் ஒரு வண்டிகூட இல்லை. தீபத்துக்குப் பிறகு அவர் யாரையும் விட்டதில்லை.

உடனே அவருடைய பதில் வந்தது. "என் மனை, என் இஷ்டம். உன்னால முடிஞ்சதப் பாத்துக்கோ." அவர் குரலுக்குப் பின்னால், தணிந்து, இன்னொரு குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லுங்கண்ணா. கம்மியா இருக்குது."

மதிவதனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். கஸ்தூரியேதான். சிரிப்பு வந்தது. இந்தத் தெருவுக்கு அவள் என்ன செய்தாள்? வாடகைக்கு வந்தாள், வேடிக்கை பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு ஒரு பட்டம் கிடைக்க, முகம் பார்க்காத இருவர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது செய்தியில் அவர் உரக்கவே தொடங்கினார். "நீ பேசாத. எனக்கு வீட்ல ஆளு இல்லனு சொன்னவதான நீ..." அதோடு நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். பிறகு கஸ்தூரியின் குரல், இப்போது யாருக்காகவும் அல்லாமல்.

"அது தப்புதாண்ணா. அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செய்தி முடிந்துவிட்டது.

அவள் மறுபடி கேட்கத் தொட்டபோது அது இல்லை. அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் இருந்தது. அழித்ததை எடுத்தாள மாட்டேன் என்பது அவளே வீடு வீடாகப் போய்க் கொடுத்த வாக்கு.

போன் மறுபடி அதிர்ந்தது. குழுவில் இல்லை; தனியாக, கஸ்தூரியிடமிருந்து. 'போதுமாம்மா? இன்னும் வேணுமா?'

'போதும்க்கா' என்று அனுப்பினாள். அதன் கீழே நன்றி என்று அடித்துப் பார்த்து, அழித்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தாள். தெருவில் யாருமில்லை. கோதண்டராமன் வீட்டுக் கேட் திறந்தபடி கிடந்தது. உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. படியில் அவருடைய தோல் செருப்புக்குப் பக்கத்தில், அவசரமாகக் கழற்றிப் போட்டதில் ஒன்று கவிழ்ந்தபடி, கஸ்தூரியின் நீலச் செருப்புகள்.