மருந்துக்குக் கால் பங்கு

தம்பானூர் பிஸ்கட் கம்பெனித் தொழிலாளர்களின் வைத்திய நிதிக்கு ராஜையன்தான் செயலாளர். மாதாமாதம் எல்லோரும் சந்தா கட்டுவார்கள். வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் மருந்தும் ஆஸ்பத்திரியும் நிதியின் பொறுப்பு. எழுபத்துநாலில் நிதி வறண்டபோது, மருந்து விலையில் கால் பங்கை நோயாளியே தரவேண்டும் என்று விதி எழுதியவரும் அவர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மட்டும் நோயாளி பங்கு தரவேண்டாம். படுத்துக்கிடப்பவரிடம் எப்படிக் கேட்பது?

காலிக் குப்பியைத் திருப்பித் தந்தால்தான் அடுத்த மருந்துக் குப்பி என்பது பழைய வழக்கம். விதி வந்த மூன்று மாதத்தில் நிதி அலமாரியில் முன்பு சேர்ந்ததில் பாதிக் குப்பிகள்தான் சேர்ந்தன.

"கண்டீரா சுவாமிதாஸ், சும்மா கிட்டுதுண்ணு இத்தன நாளா முழுங்கியிருக்கானுவ" என்றார் ராஜையன்.

"கால் பங்குண்ணதும் தீனம், நோவு எல்லாம் பயந்து ஓடிட்டு, அண்ணாச்சி" என்று பொருளாளர் சுவாமிதாஸ் சிரித்தார்.

ராஜையனின் மனைவி ஞானபாய்க்கு ரத்த அழுத்தம். கால் பங்கை வீட்டுச் செலவிலிருந்து அவள்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அவளுடைய காலிக் குப்பியும் தாமதமாகவே திரும்பி வந்தது. அவள் தேறிவருவதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"இப்பம் தலைசுத்து உண்டா?"

"ஒண்ணும் இல்லங்க. செயலாளர் பெண்டாட்டியே குப்பியும் கொண்டு எப்பவும் வந்து நிண்ணா ஆளுவ களியாக்கிச் சிரிக்க மாட்டாங்களா?"

ஜூன் மழை தொடங்கிய ஒரு காலையில் ஞானபாய் அடுக்களையில் சரிந்து விழுந்தாள். வலப்பக்கம் முழுதும் செயலற்றுப்போயிற்று. பேச்சும் போயிற்று. மாத்திரை ஒழுங்காகத் தின்றாளா என்று டாக்டர் கேட்டபோது, ஆமாம் என்றார் ராஜையன்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவர், சேலைகளுக்கு நடுவே குப்பியைப் பார்த்தார். உள்ளே எல்லாம் பாதி மாத்திரைகள். அரிவாள்மணையில் வைத்து நறுக்கியிருந்தாள். 

பத்தாம் நாள் சுவாமிதாஸ் ஆஸ்பத்திரிப் பில்லோடு வந்தார். "முழுசும் நிதியே கொடுக்கும், அண்ணாச்சி. ஒப்பு போடுங்க."

"மூணு மாசமா மிச்சம் பிடிச்சது?"

"இதோட தீர்ந்துது. அடுத்த வார்டுல நம்ம கம்பெனி நேசையனும் மருந்து வாங்காம வந்து கிடக்கான்."

ராஜையன் கையெழுத்திட்டார். நர்ஸ் வந்து ஒரு மாத்திரையை ஞானபாயின் வாயில் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஞானபாய் அதைக் கடித்தாள். பிறகு இடக்கையால் பாதியை வெளியே எடுத்து, அவர் பார்க்காத பக்கமாகத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்க முயன்றாள்.