பல்லில்லாத அமைச்சர்

மாலைக் கதிரவன் தன் செங்கதிர்களைச் சுருட்டிக்கொண்டு மேலைவானில் இறங்கும் வேளையில், அத்தலைநகரின் அகன்ற பெருந்தெரு, விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காகப் புதுச்சுண்ணம் அடித்துக்கொண்டு, முகம் கழுவாமல் மாவு பூசிக்கொண்டவளைப் போல் மினுக்கிக் கிடந்தது. மாடந்தோறும் கொடிகள், கம்பந்தோறும் ஆள்வோரின் திருமுகங்கள். அம்முகங்களின் கீழே குடமேந்தித் தண்ணீருக்குக் காத்துநின்ற மக்களோ, அறிவுசால் அன்பரே, வழக்கம்போல் எவர் கண்ணிலும் படவில்லை.

தெருக்கோடியில் இருந்த அரசின் சிற்பக்கூடத்தில் நயமானதொரு வழக்கம் உண்டு. தலைவர்களின் உடலை ஒரே அச்சில் முன்கூட்டியே வார்த்து, வலக்கை தூக்கிய கோலத்தில் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள்; தலையை மட்டும் பின்னர் தனியே வார்த்துத் திருகுவார்கள். ஆட்சி கவிழ்ந்தால் அத்தலையைக் கழற்றி உருக்கிவிட்டு, வந்தவர் தலையைப் பொருத்துவார்கள். ஆள்வோருக்குள் தலையன்றி வேறு வேறுபாடு கிடையாது என்பதை அந்நாட்டில் கண்டுகொண்ட இடம் அது ஒன்றே.

அங்கே, களிமண் தலையொன்றின் முன் கண்ணிமைக்காமல் நின்றிருந்தாள் ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி. நாட்டின் முதல் அமைச்சரவையில் அமர்ந்த எழுவருள் உணவுத்துறையைச் சுமந்தவர் அவள் தந்தை. அவ்வெழுவரும் ஆட்சியேறியவுடன், ஆள்வோரின் படமோ சிலையோ எங்கும் வைக்கலாகாது என்று சட்டம் செய்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு வந்தவர்கள் முதல் வேலையாக அச்சட்டத்தைக் கிழித்தெறிந்து, அதே சுவர்களில் தம் படங்களை மாட்டிக்கொண்டார்கள். ஆகவே எழுவரையும் மறப்பதற்கு எவரும் பெரிதாகப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. இப்போது விழாவுக்குக் கொஞ்சம் பழம்பெருமை தேவைப்பட்டதால், ஏழு சிலைகளுக்கு ஆணை பிறந்தது. அறுவரின் படங்கள் எங்கெங்கோ அகப்பட்டன. படமெடுக்க அழைத்தாலே கூச்சத்தோடு பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் அவள் தந்தைக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகம் இவ்வுலகில் எஞ்சியிருந்தது அவள் நினைவில் மட்டுமே.

அவள் சொல்லச் சொல்லச் சிற்பி பல நாளாகப் பிசைந்தும் வழித்தும் உருவாக்கியிருந்தார்: ஒடுங்கிய நெற்றி, சற்றே சாய்ந்த மூக்கு, முன்பு நாட்டை ஆண்ட அயலார் சிறையில் அடித்துப் பெயர்த்த முன்பல்லின் இடைவெளி தெரியும்படியான சிரிப்பு. அச்சிரிப்பு மண்ணில் மலர்ந்த நொடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மிவிட்டாள். தந்தை வீடு திரும்பிவிட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

அவ்வமயம், தொந்தி முன்னே வர, துதிபாடிகள் பின்னே வர, பண்பாட்டு அமைச்சர் உள்ளே நுழைந்தார்.

"என்னய்யா இது? பல்லில்லாம இளிச்சிக்கிட்டு நிக்கிறாரு! வெளிநாட்டு விருந்தாளிங்க வர்ற நேரத்துல மானத்தை வாங்கறதுக்கா?"

"இவங்க அவரோட மகளுங்க. இவங்க சொன்னபடிதான் செஞ்சேன்," என்று நெளிந்தார் சிற்பி.

"அப்படியாம்மா? ரொம்ப நல்லது. வாயை மூடிடுங்க, மூக்கை நிமித்துங்க, நெத்தியைக் கொஞ்சம் அகலமாக்குங்க. ஒரு தலைவர் மாதிரி இருக்க வேணாமா?"

"ஐயா, அந்தப் பல்லு ஜெயில்ல போனது. கடைசி வரைக்கும் அவர் கட்டிக்கவே இல்ல. நீங்க சொல்றபடி செஞ்சா அது எங்க அப்பாவே இல்லீங்க."

"உங்க அப்பாவை இங்க யாரும்மா பாத்திருக்காங்க? பேராவது கீழ எழுதியிருக்கும்ல, அது போதாதா? வேணாம்னா சொல்லுங்க, அந்த இடத்துக்கு ஆளா இல்ல?"

துதிபாடிகள் சிரித்தார்கள். ஒப்புக்கொண்டால் தந்தையின் பெயர் வெண்கலத்தில் நிற்கும். மறுத்தால் அவள் கண்மூடும் நாளில் அவரைப் பற்றிய தடமே இராது. அந்தப் பெயருக்காகவே அவள் எத்தனையோ அலுவலகங்களில் நாய் படாத பாடு பட்டிருந்தாள். இருப்பினும், வேறொருவன் முகத்துக்குத் தந்தையின் பெயரை ஈந்துவிட்டு நாள்தோறும் அவ்வழியே நடக்க அவளால் ஆகாது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க," என்று சிற்பியை விலக்கினாள். இரு கைகளாலும் அம்முகத்தைத் தாங்கி, ஒருமுறை நெற்றியில் முத்தமிட்டு, பின்னர் உள்ளங்கைகளை அழுத்திப் பிசைந்தாள். நெற்றியும் மூக்கும் சிரிப்பும் வெறும் மண்ணாயின.

"இத்தனை நாளா மறந்துதானே இருந்தீங்க? அப்படியே இருங்க. எங்க அப்பாவுக்கு அது பழகிப்போச்சு."

விழாவன்று ஏழு சிலைகளும் திறக்கப்பட்டன. ஏழாம் உடலின்மேல், பண்பாட்டு அமைச்சரின் தந்தையார் தலை, அயலாரின் சிறைகளுக்குக் கைதிகளை அடிக்கும் பிரம்பு விற்றுக் கொழுத்தவரின் தலை, திருகப்பட்டிருந்தது. நாட்டுக்காக அடிபட்ட பெருமகனார் என்று மைந்தர் முழங்கினார், கூட்டம் கைதட்டியது. அருகில் நின்ற பெண்ணொருத்தி, "யாருங்க இவரு?" என்று செவிலியைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்று உள்ளதையே சொல்லிவிட்டு, அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீடு நோக்கி நடந்தாள். இனி அவள் விழிமூடும் நாளில் அந்தச் சிரிப்பும் அவளோடு அடங்கிவிடும். அதன்பின் அந்நன்னாட்டு மக்கள், உறுத்தல் ஏதுமின்றி, தமக்குத் தகுந்த தலைவர்களை வணங்கி நெடிது வாழ்வார்களாக.