ஃபிர்மேனின் நாற்காலி

என் கணவர் ஆன்செல்முக்குக் கணக்குதான் உயிர். கம்பி வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்தால் மெல்லிய படலம் நிற்குமே, அது ஏன் அந்த வடிவத்தில் நிற்கிறது என்று கணக்கால் சொல்லப் பாதி ஆயுளைச் செலவழித்தார். நான் துணி துவைக்கும் தொட்டிதான் அவருக்கு ஆய்வுக்கூடம். கடைசியில் விடை கண்டது, அதே தொட்டியில் காகிதக் கப்பல் விட்டு வளர்ந்த எங்கள் மகன் ஃபிர்மேன்.

"சரியாப்பா?" என்று தாள்களை நீட்டினான்.

"வளவளன்னு இருக்கு" என்றார். பாராட்ட மட்டும் அவர் வாயில் கொழுக்கட்டை.

லியோன் நகரத்து அறிஞர் சபை அந்த விடைக்காகவே அவனுக்கு உறுப்பினர் நாற்காலி கொடுத்தது. அதே சபையில் இடம் கேட்டு, கறுப்புக் கோட்டோடு உறுப்பினர்களின் வீடுவீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டுத் தோற்றவர் இவர். பெருமையும் பொறாமையும் சேர்ந்து மனிதரை ஊமையாக்கிவிட்டன. ஞாயிறுதோறும் ஃபிர்மேன் சூப்பை ஆறவிட்டு, ஒரு நல்ல வார்த்தை வருமா என்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இலையுதிர் காலத்தில் டைபாய்டு என் பிள்ளையைக் கொண்டுபோனது. துக்கம் ஆறுமுன்னே சபைத் தலைவர் வெர்கோஸ் வந்து, "இந்தத் தடவ எல்லா ஓட்டும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எம் புள்ள நாற்காலில நான் உக்காரவா, ஒனோரின்?" என்று அழுதார் இவர்.

"உக்காருங்க. புதுசா வர்றவரு, முன்னால இருந்தவரப் புகழ்ந்து பேசிட்டுத்தான உக்காரணும்? வீட்டுல சொல்லாதத அங்கயாவது சொல்லுங்க. பெத்தவ காது குளிரக் கேக்கணும்."

கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி நானே மாட்டிவிட்டேன். கல்நெஞ்சக்காரி என்றது ஊர். சொல்லட்டும்.

பதவியேற்பு நாளில் மேல்மாடத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு கம்பி வளையங்களைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, மெல்ல விலக்கினார். நடுவே இடுப்பு ஒடுங்கிய படலம் நின்றது.

"நான் ஆயுசெல்லாம் இதோட வாசல்லயே நின்னேன். எம் மகன் உள்ள போயிட்டான். வளவளன்னு சொன்னேன். அதுல ஒரு வரிகூட அதிகமில்ல."

படலம் உடைந்தது. அவர் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"சரிடா, ஃபிர்மேன். எல்லாம் சரிதாண்டா."

சபையே எழுந்து கைதட்டியது. காது குளிரும் என்று நினைத்தேனே பாவி, பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"உக்காருங்க, மிசியே" என்றார் தலைவர். மறுபடியும் சொன்னார். என் கணவர் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிர்மேன் அவர் முகத்தைப் பார்த்திருந்த மாதிரியே, அந்த நாற்காலியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.