மேல் வரிசைச் சண்டை

"லோரீன், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"முதல்ல அதுங்களை ஒழுங்கா நிக்க வை. அப்புறமா கேளு."

ஏணி உச்சியிலிருந்து வெண்டல் பேச்செடுத்ததும், ஏணியைப் பிடித்திருந்த லோரீன் இப்படி அவர் வாயை அடைத்ததும், அவளுடைய தியேட்டர் முகப்புப் பலகையில் தகர எழுத்துகளில் மாட்டிய இரண்டு நடிகர்களின் பெயர்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கிய அன்று காலையில்.

ஒரு நீரூற்றுக்காகத் துப்பாக்கியோடு அலையும் அண்ணன் தம்பி படம் அது. ராய்ஸ் டன்னிங் அண்ணன், க்ளே பார்மலி தம்பி. படக் கம்பெனி இருவருக்குமே, தனித்தனியாக, 'உங்கள் பெயர்தான் மேலே' என்று எழுதிக் கொடுத்திருந்தது. மற்ற ஊர்களில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நெவாடாவின் அந்தச் சுரங்க ஊரில் மட்டும் தகர எழுத்துகள் ஒப்பந்தத்தை நம்பிவிட்டன. டன்னிங்கை மேலே மாட்டிவிட்டு வெண்டல் சாப்பிடப் போய் வருவதற்குள் பார்மலி மேலே ஏறியிருப்பார். சண்டையில் தெறித்த ஓர் எழுத்து முடிதிருத்துபவரின் சோப்புக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஷெரீஃப் வந்து பலகையைக் கடுமையாக எச்சரித்துவிட்டுப் போனார். எழுத்துகளைக் கழற்ற முடியாததால் படத்தையும் மாற்ற முடியவில்லை. சுரங்கம் மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. படம் ஓடிக்கொண்டே இருந்தது. படம் ஓட்டுவதோடு, தினமும் ஏணி ஏறிச் சமாதானம் பேசுவதும் வெண்டலின் வேலையானது. லோரீனின் தலை நரைத்தது. வாயில் ஆணியைக் கவ்வியிருப்பதுபோல் வெண்டல் அந்தக் கேள்வியையும் கவ்வியே இருந்தார்.

ஒரு கோடையில் நடிகர்கள் இருவரும் ஒரே காரில், தூண்டில்களோடு வந்து இறங்கினார்கள். ஏரிக்குப் போகும் வழியாம்.

"டேய், போதும்டா! நாங்களே ராசியாத்தான இருக்கோம்!" என்று டன்னிங் பலகையைப் பார்த்துக் கத்தினார். எழுத்துகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"விடுங்கண்ணே, நம்மள யாரு மதிக்கிறா" என்று சிரித்த பார்மலி, வெண்டல் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்குங்க தினமும் ஏறி மல்லுக்கட்டுறீங்க?"

லோரீன் அன்று போட்ட நிபந்தனையை வெண்டல் காது சிவக்கச் சொன்னார்.

"அதுங்க அடங்குற வரைக்குமா? யோவ், படத்துல நாங்க செத்தும் அடங்கலையேய்யா!" என்றார் டன்னிங்.

லோரீன் சுட்ட பீச் பழக் கேக்கை இருவரும் பங்குக்குச் சண்டையில்லாமல் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் காலை வெண்டல் வழக்கம்போல் ஏறினார். தலைக்கு மேலே டன்னிங்கின் எழுத்து ஒன்று பார்மலியின் எழுத்தை உதைத்தது.

"அடங்குச்சா?" என்றாள் லோரீன் கீழேயிருந்து.

"இல்ல. இனிமேலும் அடங்காது." அவர் அவள் முகத்துக்கு நேராக வரும்வரை இறங்கினார். "லோரீன், என்னைக் கட்டிக்கிறியா? உன் பேரே மேல இருக்கட்டும்."