சிவப்புக் கோட்டுக்கு மேலே

ஏழரை மணிக்கு எங்கள் அதிபர் யோகராஜ் சேர் வரவுப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு போடுவார். பிந்தி வருகிறவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். புசல்லாவைக்கு அவர் வந்து நாலு மாதம். கோட்டுக்குக் கீழே கிடந்த பெயர்களில் பாதிக்கு மேல் என்னுடையது: ஸுமைரா, கணிதம்.

அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தைய அதிபர் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். அதற்குள் நாங்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவோம். இவர் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க மாட்டார்.

கெலிஓயாவில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வரலாம். ஆனால் என் கணவர் கத்தாரில். நாலு வயது ஸனாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ராத்தா ஆறேகாலுக்குத்தான் கதவு திறப்பார். பிள்ளையை அழவிட்டு அடுத்த பஸ்ஸில் ஓடி வந்தால் இங்கே கோடு. பிந்தியதற்கே லீவெல்லாம் கழிந்து தீர்ந்த அன்று, இடமாற்ற விண்ணப்பத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"எனக்கு இனி ஏலாது, சேர். மகள் அழுறதப் பாக்குறதா, இந்தக் கோட்டப் பாக்குறதா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "ஓ.எல். சோதனை எழுதுற பிள்ளைகளுக்குக் கணக்குக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, டீச்சர்."

"தெரியும், சேர்."

"நீங்க கேக்குறதும் நியாயந்தான். கையெழுத்து வச்சிர்றேன். ஒரு வாரம் மட்டும் இது என்கிட்ட இருக்கட்டும்."

என் கண் முன்னாலேயே சிபாரிசு எழுதிக் கையெழுத்து வைத்தார். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம் பள்ளி விட்டதும் அவர் தோட்டக் காரியாலயத்துப் பக்கம் நடந்து போவதைக் கண்டேன். காரணம் வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. பள்ளிக்குக் கீழே ஒரு பிள்ளை மடுவம் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம், வெளிப்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை.

"தோட்டத்துத் தொரைகிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து மகளைக் கூட்டிக்கிட்டு வாங்க. அங்க சுகிர்தா பாத்துக்குவாங்க."

"அப்ப கோடு, சேர்?"

"கோடு ஏழரைக்குத்தான், டீச்சர்."

திங்கட்கிழமை ஆறு மணி பஸ்ஸில் ஸனா என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள். மடுவத்தில் விட நேரமில்லாமல் அவளையும் இழுத்துக்கொண்டு அதிபர் அறைக்குள் நுழையும்போது ஏழு இருபத்தொன்பது. அவர் சிவப்புப் பேனையோடு தயாராக இருந்தார். நான் அவசரமாகக் கையெழுத்து வைத்தேன்.

"நானும், உம்மா" என்று ஸனா பேனையைப் பிடுங்கினாள். தடுப்பதற்குள் என் பெயருக்குக் கீழே ஒரு வட்டமும் வாலும் கிறுக்கிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் விளக்கம் கேட்கிற மனிதர் அவர்.

யோகராஜ் சேர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நேரத்துக்கு வந்திருக்காங்க" என்றார்.

அடிமட்டத்தை அந்தக் கிறுக்கலுக்குக் கீழே நகர்த்தி வைத்து, கோட்டைப் போட்டார். அப்புறம் மேசை லாச்சியைத் திறந்து என் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "ஒரு வாரம் முடிஞ்சிருச்சு. அனுப்பிறலாமா?"

அதை வாங்கி ஸனாவின் கையில் கொடுத்தேன்.

"இவவுக்குக் கிறுக்கப் பேப்பர் வேணுமே, சேர்."