கப்பல் வெளியேறும் வரை

“தனியா படுத்துக்கிட்டு ஆடற ஆட்டத்துக்கு எதுக்குங்க நெட்டு?” என்று அக்கா மூன்றாவது முறையாகப் போனில் கேட்டாள்.

இணைய அலுவலகத்துப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். “அது கேம் கம்பெனியோட விதிம்மா. நெட்டு இருந்தாத்தான் திறக்கும். உங்க தெருவுல கேபிள் அறுந்துருக்கு. சரி பண்ண சாயங்காலம் ஆகும்.”

சாயங்காலம். அக்கா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி கண் மூடாமல் கிடந்தான். லாரி லாரியாகச் சரக்கை அந்தரத்தில் தூக்கி இறக்கிய கிரேன்காரன்; இப்போது விரல்கள் மட்டும்தான் அவன் சொன்னபடி கேட்டன. காலையில் வந்த நர்ஸ், படியிறங்கும்போது, “இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்” என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள். அதற்குள் அவன் மனைவி வலி மருந்து வாங்கக் கிளம்பியிருந்தாள். போகவே இரண்டு பஸ். அக்கா அவளைப் போனில் கூப்பிட்டு, “சீக்கிரம் வந்துரு” என்று மட்டும் சொன்னாள்.

படுக்கையில் விழுந்த இரண்டு வருடமாக அவன் டிவியோடு இணைத்த கேம் பெட்டிக்குள் ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தான். “வெட்டி வேலை” என்பாள் அக்கா. நேற்றுதான் முதல் கப்பல் முடிந்தது. அதன் பக்கவாட்டில் மனைவியின் பெயரை எழுதியிருந்தான். அவள் வருவதற்குள் அதைக் கடலில் விட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம். டிவியிலோ ஒரே வரிதான்: இணைய இணைப்பு தேவை.

“உன் போன்ல ஹாட்ஸ்பாட் போடுக்கா.”

“அவ கூப்பிட்டா என்னடா பண்றது?”

“எடுத்தா நெட்டு நின்னுரும். எடுக்காத.”

பழைய போன். ஜன்னல் விளிம்பில் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். அக்கா வைத்தாள். சுற்றிச் சுற்றி வந்த வட்டம் ஒருவழியாக நின்று, துறைமுகம் திறந்தது. அவன் கட்டைவிரல் அசைந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அக்கா எண்ண ஆரம்பித்தாள். நான்கு. ஆறு.

போன் அடித்தது. அவன் மனைவி.

“இன்னும் கொஞ்சந்தான்” என்றான்.

அக்கா அழைப்பைத் துண்டித்தாள். கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒன்பது. மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவன் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவே துண்டித்தாள்.

கப்பல் மெல்லத் திரும்பி, துறைமுகத்தின் வாயைத் தாண்டியது.

“இப்ப கூப்பிடு.”

கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டாள். அப்போதும் இல்லை. “பஸ் சத்தத்துல கேக்கல போலடா” என்று திரும்பினாள். கன்ட்ரோலர் அவன் நெஞ்சின் மேல் இருந்தது. அக்கா எண்ணினாள். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

மனைவி மூன்று மாடி ஏறி, மருந்துப் பையோடு வந்து நின்றாள். பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். வெகுநேரம் அவன் காலருகே உட்கார்ந்திருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“ரெண்டு தடவை அடிச்சேன் அண்ணி. அவரு குரலைக் கேக்கலாம்னுதான்.”

சார்ஜ் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல் நுனிநாக்குவரை வந்தது.

“நான்தான் கட் பண்ணேன்” என்றாள் அக்கா.

“ஏன்?”

டிவியில் அந்த ஒரு வரி மறுபடி வந்து நின்றிருந்தது. அக்கா எழுந்து போய்ப் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள். கன்ட்ரோலரை எடுத்து, அவன் அழுத்தியதைப் பார்த்த ஞாபகத்தில் அழுத்தினாள். வட்டம் சுற்றியது. அப்புறம் கடல் வந்தது.

மனைவி கப்பலின் பக்கவாட்டில் இருந்த தன் பெயரை வாசித்தாள். பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

“இது எங்க போகுது அண்ணி?”

“தெரியலம்மா.”

வாசலில் துக்கம் விசாரிக்க வந்த யாரோ செருப்பைக் கழற்றினார்கள். இருவரும் திரும்பவில்லை.